அந்த அலமாரிக் கதவை நாங்கள் திறந்து வைக்கவில்லை

எங்கள் குறும்படத்தின் முதல் ரஃப் கட்டை, அதாவது மெருகேற்றாத முதல் எடிட்டை, ஏழு பேருக்குப் போட்டுக் காட்டினோம். மூன்றாவது நிமிடம் பன்னிரண்டாவது விநாடியில் கண்ணாடிக்குள் ஓர் உருவம் தெரியும். அந்த ஒரு ஷாட்டுக்காக ஒரு ராத்திரி முழுக்க லைட்டை நகர்த்தி நகர்த்தி வைத்திருந்தோம். ஏழு பேரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. ஆறு பேர் ஃபிரேமின் இடது ஓரத்தில், நான்கு விரல் அளவு திறந்து கிடந்த ஒரு துணி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது ஆள் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அலமாரிக் கதவு கதையிலேயே கிடையாது. ஷாட்டுகளை வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டிலும் இல்லை. கீல் தளர்ந்துபோன கதவு. எத்தனை முறை சாத்தினாலும் மெல்ல வெளியே வந்துவிடும். படப்பிடிப்பு அவசரத்தில் யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

இறுதி ஆண்டு வேலையாக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்த ஐந்து நிமிடத் திகில் படம் அது. அதற்காகச் செய்த ஆய்வைத்தான் இங்கே எழுதுகிறேன். படம் எடுத்த கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு முன்னால், இந்த வகைப் படத்துக்கு என்னென்ன வழக்கங்கள் உண்டு, பார்க்க உட்காருகிறவர் எதை எதிர்பார்க்கிறார் என்று தேடிய கதையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. நாங்களும் அதை மதிப்பெண்ணுக்காகச் செய்யும் சடங்கு என்றுதான் முதலில் நினைத்தோம்.

கதைச் சுருக்கத்தைக் கொடுத்த அன்றைக்கே எங்கள் ஆசிரியர் மாட்டிவிட்டார். ஒரு பெண், ஓர் அறை, ராத்திரி, கண்ணாடி முன்னால் தலை வாருகிறாள், குனிந்து நிமிர்ந்தால் பின்னால் ஓர் உருவம். படித்துவிட்டுக் கேட்டார்:

"படம் ஆரம்பிச்ச அரை நிமிஷத்துல பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"பேய் வரப்போகுதுன்னு நினைப்பாங்க சார்."

"எங்கேருந்து வரும்னு நினைப்பாங்க?"

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி என்று படங்களைப் பார்க்க உட்கார்ந்தோம். பத்துக் குறும்படங்கள், அப்புறம் எட்டு முழுநீளப் படங்களிலிருந்து ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்ட காட்சிகள். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் நான்கு நெடுவரிசைகள் போட்டோம்: நேரம், என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது, எனக்கு என்ன ஆனது. கடைசி நெடுவரிசையை நான்தான் பிடிவாதமாகச் சேர்த்தேன். அதில் வந்தவை எல்லாம் ஆய்வு மொழியில் இல்லை. "தோள் இறுகியது." "ரிமோட்டைத் தேடினேன்." "அம்மாவைக் கூப்பிடலாமா என்று தோன்றியது." பின்னால் எங்களுக்கு உருப்படியாகப் பயன்பட்டது அந்த நெடுவரிசைதான்.

முதல் இரண்டு நாள் நாங்கள் செய்ததெல்லாம் சாமான் பட்டியல். கண்ணாடி, பொம்மை, நீண்ட நடைவழி, விட்டு விட்டு எரியும் விளக்கு, சிக்னல் இல்லாத போன், மழை, படிக்கட்டு, பழைய புகைப்படம், தானாக ஆடும் நாற்காலி. நாற்பது பொருளுக்கு மேல் சேர்ந்துவிட்டது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லாவற்றையும் ஓர் அறைக்குள் போட்டால் திகில் படம் வராது, பழைய சாமான் கடைதான் வரும்.

அந்த முட்டுச்சந்தில் நிற்கும்போதுதான் ரிக் ஆல்ட்மன் என்ற திரைப்பட ஆய்வாளர் 1984இல் எழுதிய கட்டுரை கையில் கிடைத்தது. ஒரு வகைப் படத்தை இரண்டு விதமாக அடையாளம் காணலாம் என்கிறார் அவர். ஒன்று, அதில் திரும்பத் திரும்ப வரும் பொருள்கள், இடங்கள், ஆட்கள், ஷாட்டுகள். இன்னொன்று, அவை ஒன்றோடொன்று கோக்கப்படும் விதம். மொழியில் சொல் இருக்கிறது, தொடரமைப்பு இருக்கிறது, அந்த மாதிரி. நாங்கள் இரண்டு நாளாக அகராதியை மனப்பாடம் செய்துவிட்டு மொழி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுபடியும் அதே காட்சிகளைப் பார்த்தோம். இந்த முறை ஒரே ஒரு மாற்றம். தூக்கிவாரிப்போடும் இடம் எதுவோ அங்கே நிறுத்தி, அதிலிருந்து இருபது விநாடி பின்னால் போய், அந்த இருபது விநாடியை மட்டும் விநாடி விநாடியாக எழுதினோம். அப்போதுதான் இலக்கணம் தட்டுப்பட ஆரம்பித்தது.

முதலில் சத்தம் குறைகிறது. கூடுவதற்கு முன்னால் அனேகமாக எல்லாக் காட்சியிலும் ஏதோ ஒன்று கழிகிறது: பூச்சிச் சத்தம், கடிகாரம், தெருவின் இரைச்சல். பார்க்கிறவருக்கு அது போனது தெரியாது, ஆனால் காது முன்னால் சாய்ந்துவிடும். அடுத்து ஷாட் நீள்கிறது. இரண்டு விநாடி, மூன்று விநாடி என்று வெட்டிக்கொண்டு வந்த படம் திடீரென்று எட்டு விநாடி, பத்து விநாடி நிற்கும். அப்புறம் ஆளை ஃபிரேமின் ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மறுபக்கத்தைக் காலியாக விடுவார்கள். அந்தக் காலி இடம்தான் "இங்கே யாராவது வந்து நிற்கலாம்" என்று சொல்லாமல் சொல்கிறது. பிறகு ஒரு பொய்ப் பயம், "ச்சே, இதுதானா" என்று ஒரு பெருமூச்சு. மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் உண்மையானது வந்து நிற்கும்.

இந்தப் பொய்ப் பயத்துக்கு ஒரு பெயரே இருக்கிறது: லூட்டன் பஸ். 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் ராத்திரி தனியாக நடந்து வருவாள். பின்னால் யாரோ வருகிற மாதிரி இருக்கும். காலடிச் சத்தம் நின்றுபோகும். அவள் நடை ஓட்டமாகும். எதுவோ பாயப்போகிறது என்று நாம் சுருங்கும்போது சீறிக்கொண்டு ஃபிரேமுக்குள் வந்து நிற்பது ஒரு சாதாரணப் பேருந்து. படத்தின் தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரும் அந்தப் பேருந்தும் சேர்ந்து அந்த உத்திக்குப் பெயராகிவிட்டது. குறைந்த செலவில் எடுத்த படம் அது. மிருகத்தைப் பெரும்பாலும் நிழலிலும் சத்தத்திலும்தான் காட்டியிருப்பார்கள். கையில் காசில்லாத எங்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனாலும் அந்தப் பாடத்தை அன்றைக்கு நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை. உருவத்துக்கு வெள்ளைப் பவுடர் வாங்கப் போனோம்.

பார்த்ததில் மிகவும் பிரயோஜனப்பட்ட பயிற்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே காட்சியை மூன்று முறை பார்ப்பது: ஒருமுறை முழுதாக, ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஹெட்ஃபோனில் கேட்டு. சத்தமில்லாமல் பார்த்தபோது எட்டில் ஆறு காட்சிகள் ஒன்றுமே செய்யவில்லை. இரண்டு சிரிப்பு மூட்டின. கண்ணை மூடிக் கேட்டபோது அதே காட்சிகள் அப்படியே வேலை செய்தன. 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் அதன் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை வைத்து எழுதிக் காட்டிய பிறகு மனம் மாறினார். அந்தக் காட்சியைச் சத்தத்தோடும் சத்தமில்லாமலும் அடுத்தடுத்துப் பார்த்தால் அவர் ஏன் மாறினார் என்று விளக்கவே வேண்டாம்.

ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்ன மேசைக்கடி வெடிகுண்டு உதாரணமும் எங்கள் கோப்பில் இருக்கிறது. நாம் அறியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு மட்டும் தெரிந்து, மேசையில் இருப்பவர்கள் வெட்டிப்பேச்சு பேசிக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம். எல்லா மாணவர் கோப்பிலும் இது இருக்கும். எங்களுடையதிலும் இருந்தது. எழுதி வைத்தோமே தவிர, எங்கள் மேசைக்கு அடியில் குண்டு எங்கே என்று அப்போது யோசிக்கவில்லை.

குறும்படங்களில் மட்டும் தனியாக இரண்டு விஷயம் கண்ணில் பட்டன. ஒன்று, பத்தில் ஒன்பது படங்கள் உச்சமான நொடியில் கறுப்புத் திரைக்கு வெட்டி முடிந்தன. முழுநீளப் படத்தில் அதற்கப்புறம் ஓடணும், தப்பிக்கணும், காரணம் சொல்லணும். ஐந்து நிமிடத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. பார்க்கிறவரும் அதைக் கேட்பதில்லை. இரண்டாவது, நன்றாக இருந்தவற்றில் எல்லாம் ஒரே ஒரு விதிதான் இருந்தது. டேவிட் சாண்ட்பெர்க் 2013இல் எடுத்த 'லைட்ஸ் அவுட்' மூன்று நிமிடம்கூட இல்லாத படம். விளக்கை அணைத்தால் உருவம் தெரியும், போட்டால் தெரியாது. அவ்வளவுதான் விதி. ஒரு ஸ்விட்சை நான்கைந்து முறை போட்டு அணைப்பதற்குள் பார்க்கிறவருக்கு விதி புரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அந்த ஸ்விட்சைத் தொடும் ஒவ்வொரு முறையும் நாமே நம்மைப் பயமுறுத்திக்கொள்கிறோம். 2016இல் அதையே முழுநீளப் படமாக எடுத்தார்கள். எங்கள் கதைக்கு விதி என்ன என்று கேட்டால் "கண்ணாடியில் தெரியும்" என்பதைத் தவிர எங்களிடம் ஒன்றுமில்லை. அது விதியே இல்லை, தேய்வழக்கு.

கோட்பாட்டுப் பகுதி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திரைப்பட ஆய்வாளர் கேரல் க்ளோவர் 1987 கட்டுரையில் சொன்ன 'கடைசிப் பெண்' பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தோம்: கொலைகாரனிடம் ஒவ்வொருவராகப் பலியான பிறகு மிச்சமிருந்து எதிர்த்து நிற்பவள். ஆசிரியர் குறுக்கே ஒரு கோடு போட்டார். எங்கள் படத்தில் முதல் பெண்ணும் அவள்தான், கடைசிப் பெண்ணும் அவள்தான்.

அடுத்தது கேள்வித்தாள். இதில்தான் நன்றாகச் சறுக்கினோம்.

பன்னிரண்டு கேள்விகள் வைத்து ஒரு கூகுள் ஃபார்ம் தயார் செய்து வாட்ஸாப் குழுக்களில் போட்டோம். நாற்பது சொச்சம் பேர் நிரப்பினார்கள். வட்ட வரைபடங்கள் அழகாக வந்தன. உட்கார்ந்து படித்தால் ஒரு மண்ணும் தெரியவில்லை. "திகில் படத்தில் ஒலி முக்கியம் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தோம். யார் இல்லை என்பார்கள்? "எந்த வகைத் திகில் பிடிக்கும்?" என்ற கேள்விக்குப் பாதிக்கு மேல் 'உளவியல் திகில்'. கேட்பதற்கு மரியாதையாக இருக்கும் பதில் அது. "திடீரென்று தூக்கிவாரிப்போடும் காட்சிகள் பிடிக்குமா?" என்றால் பெரும்பாலோர் பிடிக்காது என்றார்கள். அதே ஆட்கள்தான் பக்கத்தில் இருப்பவன் அலறுவதைப் பார்க்கவென்றே நண்பனை அந்தப் படங்களுக்கு இழுத்துக்கொண்டு போகிறவர்கள். இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஃபார்மை நிரப்பியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே திகில் படம் பார்க்கிறவர்கள். பார்க்காதவர்கள் தலைப்பைப் பார்த்ததுமே நகர்ந்துவிட்டார்கள். எங்கள் படத்தைத் திரையிடும் அரங்கில் உட்காரப்போகிறவர்களில் பாதிப்பேர் அந்த இரண்டாவது ரகம்.

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு நான்கே கேள்வியோடு திரும்பப் போனோம். இந்த முறை ஃபார்ம் இல்லை, நேரில் உட்கார்ந்து பேச்சு. திகில் படம் பிடிக்காதவர்களையும் தேடிப் பிடித்தோம். எதைக் கண்டால் பயம் என்று கேட்கவில்லை. "கடைசியா எந்தக் காட்சியில கண்ணை மூடினீங்க? மூடுறதுக்கு முன்னாடி கடைசியா எதைப் பார்த்தீங்க?" என்று கேட்டோம். "எந்த இடத்துல சிரிப்பு வந்துச்சு?" என்று கேட்டோம். "பாத்ரூமுக்குப் போகும்போது எந்தக் காட்சி ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டோம். நான்காவது கேள்வி நினைவில்கூட இல்லை, அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

முதல் கேள்விக்கு வந்த பதில்களைத் தனியாக ஒரு தாளில் எழுதினேன். கதவுப் பிடி மெதுவாகத் திரும்புவது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஆள். கட்டிலுக்கு வெளியே நீண்டிருக்கும் கால். போர்வைக்குள் ஏதோ மேடாக இருப்பது. பேயின் முகத்தைச் சொன்னவர் ஒரே ஒருவர். கண்ணை மூடிக்கொள்கிற ஆளுக்கு முகம் எப்படித் தெரியும்! பயம் எல்லாம் அதற்கு முந்தைய ஷாட்டிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

சிரிப்புக் கேள்வியில் எங்கள் தலையில் குட்டு விழுந்தது. மேக்கப், பல் என்று சிலர் சொன்னாலும், திரும்பத் திரும்ப வந்த பதில் இது: "லைட்டைப் போட வேண்டியதுதானே, ஏன் இருட்டுலயே நடக்கிறாங்க?" எங்கள் ஸ்கிரிப்டில் அந்தப் பெண் ஒரு மேசை விளக்கின் வெளிச்சத்தில்தான் தலை வாருகிறாள். ஏன் என்று கேட்டால் அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. அன்றைக்கே மாற்றினோம். அறை விளக்கு எரிகிறது. அவள் செய்வதெல்லாம் நீங்களும் நானும் ராத்திரி செய்வதுதான். ஒளிந்துகொள்ள இருட்டில்லை என்பது எடுக்கும்போது கேமரா பிடித்தவனுக்குத்தான் பெரிய தலைவலி ஆனது.

படப்பிடிப்பு இரண்டு ராத்திரி. நடித்த தோழியின் அறையிலேயே எடுத்தோம். விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் திரையிடலுக்கு ஒரு டிவியின் அடியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, பார்க்கிறவர்களின் முகங்களைப் பதிவு செய்தோம். அனுமதி வாங்கித்தான். படத்தின் முதல் ஃபிரேமில் ஒரு 'பீப்' சத்தம் வைத்திருந்தோம். அந்தப் பீப்பை வைத்து முகங்களின் வீடியோவை எடிட் டைம்லைனில் படத்துக்கு மேலே ஏற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டோம். படம் முடிந்ததும் கேட்டால் மரியாதைக்கு "நல்லா இருந்துச்சு" என்பார்கள். கண்ணுக்கு அந்த மரியாதை தெரியாது.

டைம்லைனில் பார்த்தபோதுதான் ஆரம்பத்தில் சொன்னது தெரிந்தது. கண்ணாடி ஃபிரேமின் வலது பக்கம். கண்கள் எல்லாம் இடது பக்கம். நாற்பதாவது விநாடியில் அறையை அகலமாகக் காட்டும் வைட் ஷாட் வருகிறது. ஒருத்தர் கண் கதவு இடைவெளிக்குப் போகிறது, பிறகு இன்னொருத்தர். மூன்றாம் நிமிடத்துக்குள் ஆறு பேரும் அங்கே நங்கூரம் போட்டுவிட்டார்கள். கண்ணாடி உருவம் வந்து போனது. யாருடைய இமையும் ஆடவில்லை. முடிந்த பிறகு ஒருத்தர் கேட்டார்: "எல்லாம் சரி, அலமாரிக்குள்ள என்னன்னு சொல்லாமலே விட்டுட்டீங்களே?"

இலக்கியக் கோட்பாட்டாளர் ஹான்ஸ் ராபர்ட் யாஸ் 'எதிர்பார்ப்பின் தொடுவானம்' என்று ஒன்றைச் சொல்வார். வாசகர் வெறுங்கையோடு வருவதில்லை, முன்பு படித்ததெல்லாம் சேர்ந்து போட்ட ஒரு எல்லைக்குள் நின்றுதான் புதியதைப் படிக்கிறார் என்பது சாரம். கோப்பில் அதைப் புரியாமலே காப்பி அடித்து வைத்திருந்தோம். இப்போது அது டிவி முன்னால் ஆறு பேர் உருவில் உட்கார்ந்திருந்தது. திகில் படம் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டோம். அதற்கப்புறம் அரைகுறையாகத் திறந்த கதவு எதுவும் அவர்களுக்குச் சும்மா திறந்த கதவு இல்லை. நாங்கள் வைக்காத குண்டை அவர்களே மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, அது வெடிக்கும் வெடிக்கும் என்று மூன்று நிமிடம் காத்திருக்கிறார்கள். நாங்களோ வேறு மூலையில் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தோம்.

அன்று ராத்திரி பெரிய சண்டை. எடிட் செய்பவன், கதவை டேப் போட்டு ஒட்டிவிட்டு வைட் ஷாட்டுகளை மட்டும் மறுபடி எடுக்கலாம் என்றான். கேமரா பிடித்தவனுக்குத் தன் கண்ணாடி ஷாட்டை விட மனமில்லை. நான் உருவத்தையே தூக்கிவிடலாம் என்றேன். "பேயே இல்லாம பேய்ப்படமாடா?" என்று இருவரும் என் மேல் பாய்ந்தார்கள். நடித்த தோழிதான் கடைசியில் வழி சொன்னாள்: "கதவு திறந்திருக்குன்னுதானே எல்லாரும் பார்க்கிறாங்க. திடீர்னு மூடியிருந்தா?"

அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த மூன்று பேரும் வாயை மூடினோம்.

புதிய வடிவம் இதுதான். வைட் ஷாட்: அவள் கண்ணாடி முன்னால், பின்னால் இடதுபுறம் கதவு நான்கு விரல் திறந்திருக்கிறது. சீப்பு சிக்கிக்கொள்கிறது. க்ளோஸ்-அப்: குனிந்து சிக்கெடுக்கும் விரல்கள், முடி, சீப்பின் பல். ஒன்பது விநாடி. அவள் நிமிர்கிறாள்; எல்லோரும் எதிர்பார்க்கும் கண்ணாடி வருகிறது; அதில் அவள் முகம் மட்டும்தான். மூச்சு விடலாம். மறுபடியும் அதே வைட். கதவு சாத்தியிருக்கிறது. இசை இல்லை, சுட்டிக்காட்டும் க்ளோஸ்-அப் இல்லை, அவளும் கவனிப்பதில்லை. கண்ணாடியை இப்போது நாங்கள் லூட்டனின் பேருந்தாக ஆக்கியிருந்தோம்.

இதற்கு இரண்டு வைட்களும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்க வேண்டும். முக்காலியின் மூன்று கால்களுக்கும் தரையில் டேப் குறி. ஃபோகஸ், எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை மூன்றையும் கையால் பூட்டினோம். ஆட்டோவில் விட்டால் கதவின் கறுப்பு இடைவெளி போனதுமே வெளிச்சம் கொஞ்சம் மாறி வித்தையைக் காட்டிக் கொடுத்துவிடும். இத்தனை நாள் யாரும் கேட்காமல் தானாகத் திறந்த கதவு, இப்போது வேண்டும் என்றபோது ஒரே அளவில் நிற்க மாட்டேன் என்றது. ஒரு டேக்கில் மூன்று விரல், அடுத்ததில் ஒரு சாண். கடைசியில் அட்டையை நான்காக மடித்து ஆப்பு மாதிரி கதவுக்கடியில் செருகி, இடைவெளி அளவுக்கு ஒரு புத்தகத்தை வைத்துப் பார்த்து ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் சரி செய்தோம்.

முடிவும் மாறியது. அவள் எழுந்து தூங்கப் போகும்போது அலமாரியில் துண்டை வைக்கக் கதவை இழுக்கிறாள். நான்கு விரல் வருகிறது. அதற்கு மேல் வரவில்லை. பிறகு, யாரோ பதவிசாக வாங்கிக்கொள்வது போல, கதவு அவள் கையிலிருந்து மெல்ல உள்ளே போகிறது. கறுப்புத் திரை. இதற்காக எடிட் செய்பவன் துணிகளுக்கு நடுவே முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கைப்பிடித் திருகில் கட்டிய கயிற்றை உள்ளே இருந்து இழுத்தான். ஆறு டேக். அதில் இரண்டு அவன் தும்மியதால் போயின. வேகமாக இழுத்தால் விளையாட்டு மாதிரி இருந்தது; மெதுவாக இழுத்த ஐந்தாவது டேக்கில் நடித்தவளுக்கே முகம் நிஜமாக வெளுத்தது.

சத்தத்தில் இரண்டு தப்புகளைத் திருத்தினோம். முதல் கட்டில் அவள் வீட்டுக்குள் வரும் கதவுக்கு நெட்டில் எடுத்த ஒரு 'கிரீச்' போட்டிருந்தோம். அந்த இடத்தில் இரண்டு பேர் சிரித்தது முக வீடியோவில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கிரீச்சைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. அதை எடுத்துவிட்டு, அலமாரிக்குள்ளேயே கைப்பேசியை வைத்துத் துணி மாட்டும் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று லேசாக உரசும் சத்தத்தைப் பதிவு செய்தோம். க்ளோஸ்-அப்பின் ஒன்பது விநாடிக்குள் அது ஒரே ஒருமுறை, சீப்புச் சத்தத்துக்கு அடியில் கேட்கும். ஃபேன் சத்தத்தையும் தனியாக ஒரு நிமிடம் பதிந்து படம் முழுக்க அடியில் ஓட விட்டு, அந்த க்ளோஸ்-அப்பில் மட்டும் மெல்ல மெல்லக் குறைத்தோம். படப்பிடிப்பின்போது ஃபேனை நிறுத்தியிருந்ததால் இது சாத்தியமானது. வியர்வையில் நனைந்ததற்குப் பலன்.

இரண்டாவது தப்பு கூடுதல் வெட்கக்கேடு. ஹெட்ஃபோனில் வயிற்றைக் கலக்கும் ஓர் அடிநாதத்தை 45 ஹெர்ட்ஸில் போட்டு மகிழ்ந்திருந்தோம். கைப்பேசியில் போட்டால் அப்படி ஒரு சத்தமே இல்லை. அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணை அந்தக் குட்டி ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. பார்க்கிறவர் எதில் பார்ப்பார் என்பதும் எதிர்பார்ப்பில் சேர்த்திதான் என்று அப்போது உறைத்தது. அதே நாதத்தின் நகல் ஒன்றை இரண்டு ஸ்தாயி மேலே ஏற்றி, கொஞ்சம் கரகரப்பாக்கி, சன்னமாகச் சேர்த்தோம். கைப்பேசியில் வயிறு கலங்காவிட்டாலும் ஏதோ சரியில்லை என்ற அளவுக்குத் தெரிகிறது.

இரண்டாவது திரையிடலுக்கு ஒன்பது புதிய ஆட்கள். முதல் கட்டைப் பார்த்தவர் யாரும் கூடாது என்பதில் கறாராக இருந்தோம். இந்த முறை ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். கூட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் சிரிப்பு எல்லோருக்கும் தொற்றுகிறது, பயமும் அப்படித்தான், யாருடையது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. கதவு சாத்தியிருக்கும் வைட்டை முதலில் மூன்று விநாடிதான் வைத்திருந்தோம். முதல் மூன்று பேரில் இரண்டு பேர் கவனிக்கவே இல்லை. ஏழு விநாடியாக நீட்டினோம். அதற்குப் பிறகு வந்த ஆறு பேரும் பிடித்துவிட்டார்கள், ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. ஒருத்தருக்கு ஒரு விநாடி, ஒருத்தருக்கு ஐந்து. கண் ஃபிரேமுக்குள் சாவகாசமாகத் திரிந்து, இடது ஓரம் போய், நகர்ந்து, சட்டென்று அங்கேயே திரும்பி வரும். அந்த 'திரும்பி வருவதை' டைம்லைனில் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தோம். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருத்தர் தனக்குத்தானே "ஏய்" என்றார். பேய்ப்படமே பிடிக்காது என்று சொல்லிவிட்டு வந்த ஒருத்தர் மட்டும் கடைசிவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, முடிந்ததும் கிளம்பும்போது எங்கள் அறையில் இருந்த அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நீளம் ஐந்து நிமிடம் பதினான்கு விநாடி வந்தது. ஐந்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அவள் சாவியைப் போட்டு வீட்டுக்குள் வரும் ஆரம்பக் காட்சியில் கை வைத்தோம். அழகான ஷாட்தான், ஆனால் அதில் யாருடைய கண்ணும் எதையும் தேடவில்லை. போனது.

ஆய்வுக் கோப்பில் தப்பான கேள்வித்தாளைச் சேர்க்கலாமா என்று ஆசிரியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அதை முதல்ல வை" என்றார். வட்ட வரைபடங்களோடு அப்படியே வைத்தோம், பக்கத்திலேயே ஆறு பேரின் கண்கள் இடது பக்கம் திரும்பியிருக்கும் ஃபிரேமை, முகங்களை மங்கலாக்கி ஒட்டினோம்.

எல்லாம் முடிந்த பிறகு, நன்றிக்கடனாகத் தோழியின் அலமாரியைச் சரி செய்து கொடுக்கப் போனோம். கீலின் திருகு ஓட்டை பெரிதாகிவிட்டிருந்தது, அதனால்தான் பிடிக்கவில்லை. இரண்டு தீக்குச்சிகளைத் தலையைக் கிள்ளிவிட்டு ஓட்டைக்குள் செருகி, திருகை மறுபடி முறுக்கினோம். கதவு இப்போது சாத்தினால் சாத்தியபடியே நிற்கிறது. அவள்தான் கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறாள், அலமாரி கால்மாட்டில் இருக்கும்படி. தலைமாட்டில் இருந்தால் பார்க்க முடியவில்லையாம்.